48% இருந்தும் ட்ரோன் பனியில் இறங்கிவிட்டது: பேட்டரியை இப்பவே சார்ஜ் போடலாமா? (அவசரம்)

புதுவரவு:
எல்லாருக்கும் வணக்கம். இந்த ஊர்ல எனக்கு இது முதல் குளிர்காலம். காலையில ட்ரோனை ஏத்தினேன். 48% காட்டிட்டு இருந்தப்பவே பேட்டரி தீர்ந்துச்சுன்னு கத்திக்கிட்டு அதுவா பனியில இறங்கிடுச்சு. இப்ப வீட்டுக்குள்ள கொண்டுவந்து வெச்சிருக்கேன், பேட்டரி மேல முத்து முத்தா தண்ணி. சார்ஜ் போட்டா விளக்கு மினுக்குதே தவிர ஏற மாட்டேங்குது. நாளைக்குக் காலையில தெரிஞ்சவங்க கல்யாணத்துக்கு எடுத்துத் தரேன்னு சொல்லியிருக்கேன். ஹீட்டர் மேல கொஞ்ச நேரம் வெச்சுட்டு மறுபடி போடலாமா? யாராவது சீக்கிரம் சொல்லுங்க.

சட்டப்புள்ளி:
அதெல்லாம் இருக்கட்டும் சகோ, பறக்கவிடப் பதிவு பண்ணிட்டீங்களா? கல்யாணம்னா கூட்டம் இருக்கும். ஆளுங்க தலைக்கு மேல பறக்கவிடுறதுக்குப் பெரும்பாலான நாடுகள்ல தனி விதி உண்டு. காப்பீடு, எடை வரம்பு எல்லாத்தையும் பார்த்துட்டு அப்புறம் பேட்டரிக்கு வாங்க.

வானம்பாடி:
புதுசா வர்றவங்க எல்லாரும் கவனிக்க வேண்டியது விமானப் பயணம். தனி பேட்டரி கைப்பையிலதான் வரணும், செக்-இன் பெட்டியில வைக்கவே கூடாது. வோல்ட்டை ஆம்பியர்-மணியால பெருக்கினா வாட்-மணி. 14.8 வோல்ட், 5000 மில்லி ஆம்பியர் மணின்னா (அதாவது 5 ஆம்பியர்-மணி) 74. 100 வரைக்கும் பொதுவா அனுமதி கேட்க வேண்டாம், ஆனா எத்தனை எடுக்கலாம்னு ஏர்லைன்ல பாருங்க. 100ல இருந்து 160 வரைக்கும் அவங்க ஒப்புதல் வேணும், தனி பேட்டரி இரண்டுதான். அதுக்கு மேல பயணிகள் கொண்டுபோக முடியாது. அதே 5000, உள்ளே ஆறு செல்லுன்னா (ஒவ்வொண்ணும் 3.7 வோல்ட்) 111 ஆயிடும், நிறைய பேர் மாட்டுறது அங்கதான். முனைகளுக்கு டேப் ஒட்டுங்க.

புதுவரவு:
அண்ணா, நான் இங்க வந்து சேர்ந்தாச்சு. ஹீட்டர் மேல வைக்கலாமா வேண்டாமா?

நாலுசெல்:
வேண்டாம். சார்ஜரைக் கழட்டிடுங்க. ட்ரோன் இறங்கினதை விட நீங்க இப்ப செய்யப் போறதுதான் ஆபத்து.

லித்தியம் பேட்டரியைக் குளிர்ல பயன்படுத்தினா சக்தி குறையும், சூடானதும் திரும்பி வந்துடும். சார்ஜ் ஏத்துறது அப்படியில்ல. செல்லுக்குள்ள 0 டிகிரிக்குக் கீழ இருந்தா லித்தியம் எதிர்முனையில இருக்கிற கிராஃபைட்டுக்குள்ள நுழைய முடியாம அதன் மேலயே உலோகமாப் படியும். படிஞ்சது பெரும்பாலும் திரும்பாது. கொள்ளளவு போகும், படிவு முள் மாதிரி வளர்ந்தா உள்ளேயே ஷார்ட் ஆகலாம். அதனாலதான் பல ஸ்மார்ட் பேட்டரிகள் (உள்ளேயே கட்டுப்பாட்டுச் சுற்று இருக்கிறவை) 5 டிகிரிக்குக் கீழ சார்ஜை வாங்காது. உங்க விளக்கு மினுக்குறது அந்தப் பாதுகாப்பா இருக்கலாம், செல் கோளாறாவும் இருக்கலாம். எந்த மினுக்கலுக்கு என்ன அர்த்தம்னு கையேட்டுல அட்டவணை இருக்கும்.

ஹீட்டர், ஹேர் டிரையர், ஓவன் எதுவும் கூடாது. வெளிப்பக்கம் கொதிக்கும், உள்ளே குளிராவே இருக்கும். துணியால ஒத்தி எடுத்து, முனைகள் நல்லாக் காயுற மாதிரி அறை வெப்பத்துல இரண்டு மணி நேரம் விடுங்க.

என்ன மாடல், வெளியில எத்தனை டிகிரி, ராத்திரி பேட்டரி எங்க இருந்துச்சு, உப்பியிருக்கா? இது தெரியாம மேல சொல்ல முடியாது.

பனிக்கரடி:
இவ்வளவு பயம் எதுக்கு? மைனஸ் 15லயும் பறக்குது. மேல ஏத்தி ஒரு நிமிஷம் ஹோவர்ல, அதாவது ஒரே இடத்துல மிதக்கவிட்டு நிறுத்தினா பேட்டரி தானா சூடாயிடும்.

நாலுசெல்:
ஏற்கெனவே கதகதப்பா இருக்கிற பேட்டரிக்கு அது சரி. உறைஞ்சு கிடந்ததை ஹோவர் காப்பாத்தாது. கிளம்பும்போதே 20 டிகிரிக்குப் பக்கத்துல இருக்கணும். அப்புறம் மைனஸ் 10 வரைன்னு போட்ட மாடலும் உண்டு, 0லேயே நிறுத்திக்கிற மாடலும் உண்டு. உங்களுதுக்குப் பொருந்துறது அவருக்குப் பொருந்தணும்னு இல்ல.

இருட்டுக்காலம்:
எனக்கு எரிச்சல் அந்தச் சதவீதக் கணக்கு மேலதான். 48%ன்னு போட்டுட்டுக் கவுத்துவிடுறதுக்கு எதுக்கு அந்த எண்?

பனிக்கரடி:
ஆப்பும் அப்படித்தான். பறக்கவிடாத நேரத்துல பத்து எச்சரிக்கை, விழப்போகும்போது ஒண்ணு.

இருட்டுக்காலம்:
கையுறை போட்டா திரையில விரல் வேலை செய்யாது, கழட்டினா விரலே வேலை செய்யாது. போன் வேற குளிர்ல 30%லயே அணைஞ்சிடும். வெளிச்சம் இருக்கிறதே நாலஞ்சு மணி நேரம், அதுவும் வேலை நேரத்துல. என்னத்தைப் பறக்கவிடுறது.

வானம்பாடி:
குளிர்காலம் வந்தா இந்தப் புலம்பலும் வந்துடும் 😄

புதுவரவு:
கையேட்டுல பார்த்தேன், பறக்கவிட 0 முதல் 40 டிகிரின்னு இருக்கு. காலையில மைனஸ் 9. பேட்டரி இரண்டு, மூணு செல் ஸ்மார்ட் வகை. ஒண்ணு ராத்திரி முழுக்கக் காருக்குள்ள இருந்துச்சு, அதுதான் இறங்கினது. இன்னொண்ணு வீட்டுலயே இருந்தது. எதுவும் உப்பல.

மின்தறி:
இப்பதான் கேள்வியே முழுசா வந்திருக்கு. தடம் மாறாம பார்ப்போம்.

சதவீதம் பொய் சொல்லல. எவ்வளவு மின்னூட்டம் எடுத்தோம்னு எண்ணி, மிச்சத்தைக் காட்டுது. குளிர்ல மின்பகுளி (செல்லுக்குள்ள லித்தியம் நகர்ற திரவம்) கெட்டியாகும், உள்தடை ஏறும். விசையைக் கூட்டின உடனே வோல்டேஜ் சரியும். குடத்துல தண்ணி இருக்கு, வாய் குறுகிடுச்சு, அவ்வளவுதான். ட்ரோன் பார்க்கிறது வோல்டேஜை. ஒரு செல் அதுக்கு வெச்ச எல்லைக்குக் கீழ போனாலும் இறக்கிடும்.

இரண்டு மணி நேரம் ஆனதும் பேட்டரியை ட்ரோன்ல போட்டு, மோட்டாரை ஓட்டாம, ஆப்ல ஒவ்வொரு செல் வோல்டேஜையும் பாருங்க. மூணும் 0.05 வோல்ட்டுக்குள்ள இருந்தா நிம்மதி. 0.1ஐத் தாண்டினா சந்தேகம்.

புதுவரவு:
பார்த்தேன். கார்ல இருந்தது 3.71, 3.70, 3.42. வீட்டுல இருந்தது மூணும் 3.85. மினுக்கல் நின்னுடுச்சு.

மின்தறி:
மூணாவது செல் நாளைக்கு நம்பிப் பறக்கவிடுற நிலையில இல்ல. அந்தப் பேட்டரியை ஓரமா வைங்க. அவசரம் தீர்ந்த பிறகு, தரை ஓட்டு மேல, துணி பேப்பர் பக்கத்துல இல்லாத இடத்துல, கூடவே இருந்து சார்ஜ் போடுங்க. நிறைஞ்சு ஒரு மணி நேரம் ஆன பிறகும் வித்தியாசம் 0.1க்கு மேல நின்னா அதுக்கு ஓய்வுதான்.

நல்ல பேட்டரியை நாளைக்குக் கிளம்புறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நிறைங்க. கோட்டுக்கு உள்பாக்கெட்டுல வெச்சுக்கிட்டுப் போங்க, சாவி நாணயம் அதே பாக்கெட்டுல வேண்டாம். கைசூட்டுப் பொட்டலம் வெச்சா நடுவுல துணி அவசியம், அது நேரா ஒட்டினா 50 டிகிரியைத் தாண்டலாம். பறக்கும் நேரத்துக்குத்தான் ட்ரோன்ல போடணும். கிளிக் சத்தம் கேட்கணும், தாழ்ல பனித்துகள் இருந்தா முழுசா உட்காராது. வெறும் பனி மேல வெச்சு ஏத்தாதீங்க, விரிப்பு ஒண்ணு போடுங்க. ஒரே வெள்ளையா இருந்தா கீழ்ப்பக்க சென்சார் தடுமாறும்.

முதல் நிமிஷம் ஆள் உயரத்துல ஹோவர், கண்ணு வோல்டேஜ்ல. ஸ்போர்ட் மோடு வேண்டாம், சரசரன்னு மேல ஏத்தவும் வேண்டாம். போகும்போது எதிர்க்காத்து, வரும்போது பின்காத்து. 40% வந்தா திரும்புங்க, செல் 3.5க்குக் கீழ சரிஞ்சா சதவீதம் என்னவா இருந்தாலும் இறக்குங்க. மாடல் எல்லைக்குக் கீழ குளிர் இருந்தா கல்யாண வீட்டுக்காரங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டு ட்ரோனை விட்டுடுங்க. பனிமூட்டமோ உறைதூறலோ இருந்தாலும் அதேதான், இறக்கையில பனிக்கட்டி பிடிச்சா பேட்டரி நல்லா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

புதுவரவு:
ரொம்ப நன்றி அண்ணா. திரும்ப உள்ளே கொண்டு வரும்போது மறுபடி தண்ணி முத்து கட்டுமே?

மின்தறி:
வெளியிலயே ஜிப் பையில போட்டு, காத்தைப் பிதுக்கி மூடிட்டு உள்ளே கொண்டு வாங்க. ஈரம் பை மேலதான் படியும். அறைச்சூட்டுக்கு வந்ததும் திறங்க. வாரக்கணக்கா பறக்கவிடாத காலத்துல செல்லுக்கு 3.8ல இருந்து 3.85 வரைக்கும் வெச்சுடுங்க, காருக்குள்ள இல்ல, வீட்டுக்குள்ள.

பனிக்கரடி:
ஓய்வு கொடுக்கிற பேட்டரியை உப்புத்தண்ணியில ஊறப்போட்டா முடிஞ்சுது.

நாலுசெல்:
முடியாது. முனை அரிச்சுப்போகும், உள்ளே மின்சாரம் அப்படியே நிக்கலாம். முனைக்கு டேப் ஒட்டிப் பேட்டரி சேகரிக்கிற இடத்துல கொடுங்க. குப்பைத்தொட்டியில போட்டா லாரி நசுக்கும்போது தீப்பிடிக்கலாம்.