புதுப்பிப்பு: ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 10 கைப்பிடி, விரலில் இடிப்பது நின்றது

1960களின் மாடல் 10 ரிவால்வரில் ட்ரிகர் கார்டின் (விசையைச் சுற்றியுள்ள வளையத்தின்) பின்பக்கம் நடுவிரல் கணுவில் இடிக்கிறது, வால்நட் மரக் கைப்பிடிப் பலகைகளும் ஆடுகின்றன என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது டைலர் டி-கிரிப் யோசனைதான். ட்ரிகர் கார்டுக்குப் பின்னால் உள்ள இடைவெளியை நிரப்பும் சிறிய உலோகத் துண்டு அது. ரப்பர் கைப்பிடியும் விரலைக் காக்கும், ஆனால் அந்தப் பழைய வால்நட்டைக் கழற்றி வைக்க மனம் வரவில்லை.

தோட்டா போடும் சிலிண்டரைத் திறந்து காலி என்று பார்த்துவிட்டு, பலகைகளைப் பிடித்திருக்கும் திருகைப் பாதி தளர்த்தி அதன் தலையை மெல்லத் தட்டினேன். எதிர்ப்பக்கப் பலகை தானாக வெளியே வந்தது. நெம்பினால் ஓரம் சிதறும். பலகைகள் நகராமல் வைக்கும், அடியிலுள்ள சிறு உலோக முளையைச் சுற்றிப் பழைய எண்ணெயும் தூசியும் இறுகிக் கிடந்தன. பல்குச்சியால் சுரண்டி எடுத்ததும் ஆட்டம் போய்விட்டது.

எதிர்பாராதது ஒன்று: பலகைகளுக்கு அடியில் செருகும் டி-கிரிப்பின் செம்புப் பட்டைகள் அவற்றை ஒரு மயிரிழை தூக்கின. மரத்தைச் செதுக்காமல் பட்டைகளை அரத்தால் தேய்த்தேன், சரியாக உட்கார்ந்தது. வலது பலகையின் உட்புறத்தில் துப்பாக்கியின் வரிசை எண்ணே குத்தப்பட்டிருந்தது. பழைய கைப்பிடி வைத்திருப்பவர்கள் உட்பக்கம் உப்புத்தாள் போடும் முன் அதைப் பாருங்கள், அசல் ஜோடி என்பதற்கு அதுதான் சான்று.

இப்போது பிடி கீழே நழுவுவதில்லை, விரலும் வலிப்பதில்லை. அப்புறம், திருகை அளவுக்கு மீறி இறுக்காதீர்கள், மரம் வெடிக்கும்.