பழைய மக்கானா, எக்ஸ்3 எம்40ஐ-யா? 65 லட்சத்துக்குள் எது தேறும்?

நூல்கண்டு (திருப்பூர்):
வணக்கம். பின்னலாடை யூனிட் வைத்திருக்கிறேன். வீட்டில் இருப்பது டீசல் ஃபார்ச்சூனர். அதை அப்பாவிடமே விட்டுவிட்டு, எனக்கென்று ஒரு வேகமான எஸ்யூவி வாங்கலாம் என்று இருக்கிறேன். பட்ஜெட் 65 லட்சம், பழைய வண்டிதான். பார்த்து வைத்திருப்பது இரண்டு: 2022 போர்ஷே மக்கான், அந்த 2 லிட்டர் நாலு சிலிண்டர், இன்னொன்று 2023 பிஎம்டபிள்யூ எக்ஸ்3 எம்40ஐ. மக்கான் 265 ஹெச்பி, எக்ஸ்3 360. நூறைத் தொட மக்கானுக்கு 6 வினாடிக்கு மேல், எக்ஸ்3-க்கு 4.9. காகிதத்தில் பார்த்தால் கேள்வியே இல்லை. ஆனால் மக்கானை ஒரு ரவுண்டு ஓட்டியதிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. வாரம் முழுக்க திருப்பூர் - கோவை, அவ்வப்போது வால்பாறை. மனைவி, ஒரு பையன். "போர்ஷே வாங்கினால் இன்கம்டாக்ஸ்காரன் வருவான்" என்கிறார் அப்பா. அதற்கு மட்டும் பதில் வேண்டாம்.

ஆறுசிலிண்டர்:
எம்40ஐ. யோசிக்கவே வேண்டாம் ப்ரோ. 3 லிட்டர் பி58 எஞ்சின், 1,900 ஆர்பிஎம்மிலேயே 500 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். மக்கானில் 400தான். அதுவும் ஆடியிலும் ஸ்கோடாவிலும் இருக்கும் அதே எஞ்சின் குடும்பம். பானெட்டில் இருக்கும் லோகோவுக்குத்தான் காசு.

பட்டறைக்காரன் (கோவை):
தம்பி, ஆறுசிலிண்டர் சொல்வது எஞ்சினைப் பொறுத்தவரை சரி. மக்கானில் இருப்பது ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஈஏ888 எஞ்சின். அடித்தளம்கூட முதல் தலைமுறை ஆடி க்யூ5-இலிருந்து வந்ததுதான். ஆனால் உங்கள் மனசு நிற்பது எஞ்சினில் இல்லை, ஸ்டீயரிங்கில். முன்சக்கரம் என்ன செய்கிறது என்பது கைக்குத் தெரிகிறது, சீட்டும் தாழ்வு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. அங்கே 360 ஹெச்பியை எந்த இடத்தில் அவிழ்த்துவிடப் போகிறீர்கள்? மிதித்து முடிப்பதற்குள் அடுத்த வளைவு வந்து நிற்கும், எதிரே அரசு பஸ்ஸும் வரும். அந்த ரோட்டுக்கு 265 தாராளம். நாலுவழிச் சாலையில் லாரியைத் தாண்டும்போது எம்40ஐ தனி ரகம்தான், மறுக்கவில்லை. அங்கேயும் சட்டப்படி 100 தானே.

நெரிசலில் கதை மாறும். மக்கானின் பிடிகே இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் ஊர்ந்து போகும்போது லேசாகத் தயங்கும். எக்ஸ்3-இல் இருக்கும் இசட்எஃப் எட்டு கியர் வழுக்கிக்கொண்டு போகும். அவிநாசி ரோட்டில் மேம்பாலம் வந்த பிறகு இந்த வித்தியாசம் முன்புபோல உறுத்தாது. பின் சீட் மக்கானில் இறுக்கம். பையனுக்குப் போதும்; அப்பாவை உட்கார வைத்தால் வழியெல்லாம் பேச்சுக் கேட்க வேண்டியிருக்கும்.

என்னைக் கேட்டால் மக்கான். ஆனால் எந்த மக்கான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த மாடலில் பரவலாகப் பேசப்படும் பலவீனம் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது எஞ்சின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. நாற்பது, ஐம்பது கி.மீ. வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்திப் பாருங்கள். ரோட்டில் வேகம் குறைக்கப் போடும் வரிவரியான ரம்பிள் ஸ்ட்ரிப் மேல் போவதுபோல ஒரு அதிர்வு வந்தால் விலையை ஒடியுங்கள், இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஆரம்ப நிலை என்றால் ஆயில் மாற்றியே சரியாவதும் உண்டு. அதை நம்பி முழு விலை கொடுக்கக் கூடாது. அப்புறம் டயர். முன்னால் ஒரு அகலம், பின்னால் ஒரு அகலம். முன்பின் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்ட முடியாது (எம்40ஐ-க்கும் இதே கதைதான்). நாலும் ஒரே கம்பெனியா, தேய்மானம் சமமா, பக்கவாட்டில் போர்ஷே ஒப்புதல் குறியான 'என்' இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இரண்டு டயர் புதிது, இரண்டு மொட்டை என்று ஓட்டியிருந்தால் அந்தச் சுமையும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தலையில்தான்.

கம்ப்யூட்டர் மாட்டும்போது பிழைக் குறியீடுகளோடு நிறுத்தாமல், எஞ்சின் மொத்தம் எத்தனை மணிநேரம் ஓடியிருக்கிறது என்றும் எடுக்கச் சொல்லுங்கள். ஓடோமீட்டர் காட்டும் கிலோமீட்டரை அதால் வகுத்தால் சராசரி வேகம். நம் ஊர் வண்டிக்கு 30, 40 என்று வந்தால் நம்பலாம். 15 வந்தால் ஒன்று மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள், இல்லை ஏசி போட்டு நிற்கவிட்டே தேய்த்திருக்கிறார்கள். பாலிஷ் போட்ட பெயிண்ட்டைப் பார்த்து மயங்குகிறவர்கள் இந்தக் கணக்கைக் கேட்பதே இல்லை.

விலைக்கு வருகிறேன். புதிதில் மக்கான் சுமார் 83 லட்சம், எம்40ஐ 86.5, இரண்டும் ஷோரூம் விலை, இரண்டும் முழு இறக்குமதி. சாதாரண எக்ஸ்3-ஐ சென்னைக்குப் பக்கத்தில் பூட்டுகிறார்கள் என்பதால் எம்40ஐ-க்கும் கதவு, கண்ணாடி மாதிரி சாமான் சுலபம். இன்னொன்று: 2025 செப்டம்பர் 22-க்கு முன்னால் இந்த ரக வண்டிக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்த்து 50 சதவீதம், இப்போது 40. விற்கிறவர் பழைய வரிக் கணக்கில் விலை சொன்னால் பேரத்தை அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

நூல்கண்டு:
ரொம்ப நன்றி அண்ணா. டெல்லி பதிவில் ஒரு மக்கான், இங்கே இருப்பதைவிட 7 லட்சம் குறைவாகச் சொல்கிறார்கள். எடுக்கலாமா? சர்வீஸுக்கு எங்கே போவது?

பட்டறைக்காரன்:
பதிவை இங்கே மாற்றும்போது ஆயுள் வரி கட்ட வேண்டும். 2023 நவம்பரிலிருந்து நம் மாநிலத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு அது 20 சதவீதம். 83 லட்சத்துக்குப் போட்டால் 16.6 லட்சம். பழைய வண்டிக்கு வயதைப் பார்த்துக் குறைப்பார்கள், இருந்தாலும் அந்த 7 லட்சம் அங்கேயே கரைந்துவிடும். டெல்லி ஆர்டிஓவிடம் என்ஓசிக்கு (தடையின்மைச் சான்று) அலைவது தனி. டெல்லி பதிவிலேயே ஓட்டலாம் என்று புரோக்கர் சொல்வார். ஆர்டிஓ நிறுத்தும்போது அவர் போனை எடுக்க மாட்டார். டிஎன் பதிவாகவே பாருங்கள்.

சர்வீஸ்தான் மக்கானில் உங்களுக்கு உண்மையான செலவு. போர்ஷே சென்டர் சென்னையிலும் கொச்சியிலும் இருக்கிறது, உங்களுக்குக் கொச்சி பக்கம். பிஎம்டபிள்யூவுக்குக் கோவையிலேயே ஆகிவிடும். 60-க்கு முடித்து மீதி 5 லட்சத்தை டயர், பிரேக், டிரான்ஸ்ஃபர் கேஸுக்கென்று பேங்கில் வைக்க முடிந்தால் மக்கான் எடுங்கள். 65-ம் வண்டிக்கே போய்விடும் என்றால் எம்40ஐ. முடிவு செய்யும் முன் வண்டியை யாராவது லிஃப்டில் ஏற்றிக் காட்டட்டும். விற்கிறவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.