பீக்-டு-பீக்: ‘முகட்டுக்கு முகடு’ பொருந்தாது

ஆர்டுயினோ ஊனோ என்ற நுண்கட்டுப்படுத்திப் பலகையில் மைக் சைகையை அளக்கும் பாடத்தில் பீக்-டு-பீக் என்பதை ‘முகட்டுக்கு முகடு’ என்று போட்டிருக்கிறீர்கள். பள்ளி இயற்பியலில் அடுத்தடுத்த இரு முகடுகளுக்கு இடைப்பட்ட தொலைவு அலைநீளம். அதைப் படித்த பிள்ளை கிடைமட்டமாகத்தான் அளக்கப் போகும். நமக்கு வேண்டியதோ செங்குத்து அளவு, முகட்டிலிருந்து அகடு வரை.

வெறும் ‘வீச்சு’ என்றாலும் கணக்கு கெடும். மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரையான எண்ணாகத் தரும் ஊனோவில் அதிகபட்சம் 822, குறைந்தபட்சம் 202 என்று வந்தால் வித்தியாசம் 620. மேற்கோள் மின்னழுத்தம் (அளவின் உச்சமாக எடுத்துக்கொள்ளும் அழுத்தம்) 3.3 வோல்ட் என்றால் ஒரு படி ஏறத்தாழ 3.2 மில்லிவோல்ட், ஆக 2 வோல்ட். வீச்சு அதில் பாதி, 1 வோல்ட். சைன் அலைக்குச் சராசரி இருமடிமூல மதிப்பு (ஆர்எம்எஸ்) 0.71 வோல்ட். 2 வோல்ட்டையே வீச்சாக எடுத்து √2-ஆல் வகுத்தால் 1.41 வரும், 6 டெசிபல் பிழை. ‘முழுவீச்சு’ என்றும் ஒருவர் சொன்னார். பாலம் கட்டும் பணிதான் முழுவீச்சில் நடக்கும், அதை விட்டுவிடலாம்.

என் பரிந்துரை: முகடகட்டளவு. விளக்கத்தில் செய்முறையும் வரட்டும். மேக்ஸ்4466 என்ற மைக்-பெருக்கிப் பலகைக்கு ஊனோவின் 3.3 வோல்ட் முனையிலிருந்து மின்சாரம். அதே முனையை ஏரெஃப் என்ற மேற்கோள் முனைக்கும் இணைக்க வேண்டும். முதல் அனலாக்ரீட்-டுக்கு (அளவீட்டைப் படிக்கும் கட்டளை) முன்பே வெளி மேற்கோளைத் தேர்ந்தெடுக்கும் வரி நிரலில் இருந்தாக வேண்டும். மறந்தால் உள்மேற்கோளும் வெளியழுத்தமும் மோதி சில்லு கெடலாம். அமைதியில் அளவீடு 512-ஐ ஒட்டி நிற்கும். சத்தத்தின்போதும் அலை அந்த நடுக்கோட்டைக் கடந்துகொண்டே இருக்கும், அதனால் ஒற்றை அளவீட்டை நம்ப முடியாது. 50 மில்லிநொடி தொடர்ந்து படித்து, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். 20 ஹெர்ட்ஸ் ஒலிக்கும் ஒரு முழுச்சுற்று அதில் அடங்கிவிடும். ஒவ்வொரு 50 மில்லிநொடியின் தொடக்கத்திலும் பெரியதை 0, சிறியதை 1023 என மீண்டும் வைக்காவிட்டால் எண் ஏறிய இடத்திலேயே நிற்கும்.

மறுமொழி:

பொருள் சரிதான் ஐயா, ஆனால் ‘முகடகட்டளவு’ வகுப்பில் வாய்விட்டுச் சொல்லக் கடினம். ‘முகடு-அகடு அளவு’ என்று பிரித்தே எழுதுவோம். அகடு பாடநூலில் ஏற்கெனவே இருக்கும் சொல்.

எல்லையை மீறும் அலையின் முனைகள் தட்டையாகிவிடும் கிளிப்பிங்குக்கும் இப்போதே ஒரு சொல் வேண்டும். ‘வெட்டு’ வேண்டாம், மின்வெட்டு நினைவுக்கு வரும். ‘மழுங்கல்’ எனலாமா? பெரியது 1023-ஐயோ சிறியது 0-ஐயோ தொட்டால் அலை மழுங்கிவிட்டது, அந்த முகடு-அகடு அளவு உண்மையைவிடக் குறைவு என்று குறிப்பிடலாம். பலகையின் பின்புறத் திருகைத் திருப்பி, 25 முதல் 125 மடங்கு வரையுள்ள பெருக்கத்தைக் குறைத்து மீண்டும் அளக்க வேண்டும். நிரலில் 5-க்குக் கீழ், 1018-க்கு மேல் வந்தாலே எச்சரிக்கை காட்டச் சொல்லுங்கள்.