பழைய லேப்டாப், கருப்புத் திரையில் ஜிமெயில்: சான்றிதழ் எச்சரிக்கை, லாகின் தோல்வி

கருந்திரை:
வணக்கம். அப்பா வைத்திருந்த பென்டியம் எம் லேப்டாப், 512 எம்பி ரேம். ஆன்டிஎக்ஸ் 23 கோர் என்ற இலேசான லினக்ஸ், 32 பிட் போட்டிருக்கிறேன். முன்பு டெஸ்க்டாப் வைத்து பிரவுசர் ஓட்டியபோது ஒரு டேபுக்கே திணறியது. அதனால் இப்போது வெறும் கன்சோல்தான், எழுத்து மட்டும் வரும் கருப்புத் திரை. மட் என்ற மெயில் நிரலில் ஐமேப் (சர்வரில் இருக்கும் மெயிலைப் படிக்கும் முறை) வழியாக ஜிமெயில் படிக்கப் பார்க்கிறேன், போர்ட் 993. சர்வர் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று எச்சரிக்கை வருகிறது. இந்த ஒருமுறை மட்டும் என்று ஏற்றுக்கொண்டால், அடுத்து லாகின் தோல்வி. பாஸ்வேர்டு சரிதான், போனில் அதே பாஸ்வேர்டில் திறக்கிறது. மெஷின் பழசு என்பதால் கூகுள் தடுக்கிறதா?

வேகம்2020:
போனில் திறக்கிறதே, அதிலேயே படிக்கலாமே ப்ரோ?

கருந்திரை:
படிக்கலாம்தான். லேப்டாப்பைக் காயலான் கடையில் போட மனசு வரவில்லை.

ஈயப்பற்று:
காலாவதி என்று வராமல் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று வந்தால் முதல் சந்தேகம் கடிகாரத்தின் மேல்தான். டேட் கட்டளை அடித்து வருடத்தைப் பாருங்கள். மெஷின் கடிகாரத்தை ஓட்டும் சிமாஸ் பேட்டரி செத்திருந்தால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் மெஷின் பழைய தேதிக்குப் போய்விடும். அந்தத் தேதியில் இன்றைய சான்றிதழ் பிறக்கவே இல்லை. தேதியைத் திருத்தி, எச்டபிள்யூகிளாக் கட்டளையால் வன்பொருள் கடிகாரத்திலும் எழுதுங்கள். பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். பல லேப்டாப்களில் அது வயரும் பிளாஸ்டிக் உறையுமாக வரும், வெறும் காசு பேட்டரி வாங்கினால் பொருந்தாது. ஒன்று சொல்கிறேன், எரிச்சலில் "எப்போதும் ஏற்றுக்கொள்" மட்டும் அழுத்திவிடாதீர்கள்.

முனையம்:
லாகின் விஷயம் வேறு. 2022 மே 30 முதல் தனிநபர் ஜிமெயில் கணக்குகளில், இதுபோன்ற நிரல்களுக்கு வழக்கமான பாஸ்வேர்டு செல்லாது. கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்று உருவாக்குங்கள். மட்டில் அதைத்தான் கொடுக்க வேண்டும். கான்ஃபிக் கோப்பில் எழுதி வைத்தால், உங்களைத் தவிர யாரும் படிக்க முடியாதபடி சிமாட் 600 போடுங்கள்.

மெஷின் வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சர்வரோடு மறையாக்கம் செய்து பேசும் டிஎல்எஸ், மென்பொருளின் வேலை. அதைச் செய்யும் நிரல் தொகுப்பான ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு டிஎல்எஸ் 1.2 வந்ததே 2012-ல் 1.0.1 பதிப்பில்தான். அதற்கும் முந்தைய லினக்ஸை அப்படியே வைத்திருந்தால்தான் வாசலிலேயே சிக்கல் வரலாம். உங்களுடையது புதுசு.

கருந்திரை:
தேதி 2005 காட்டியது! திருத்தினேன், எச்சரிக்கை போய்விட்டது. ஆப் பாஸ்வேர்டில் உள்ளேயும் போயாச்சு. இருவருக்கும் நன்றி. ஆனால் தமிழ் மெயில் எல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது. லோகேல் (மொழி, எழுத்து அமைப்பு) யூடிஎஃப்-8 தான்.

முனையம்:
லினக்ஸ் கன்சோல் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்கள்தான். தமிழ் எழுத்தை அதில் திணித்தாலும், "கொ" போல இரண்டு பக்கமும் குறி நிற்கும் எழுத்தை அதற்குச் சேர்க்கத் தெரியாது. இரண்டு வழி இருக்கிறது. ஜேடபிள்யூஎம் போன்ற இலேசான விண்டோ மேனேஜரும், இந்திய எழுத்துகளைக் கையாளும் எம்எல்டெர்ம் என்ற டெர்மினலும், ஒரு தமிழ் எழுத்துருவும் போடுங்கள். பிரவுசர் இல்லாவிட்டால் 512 எம்பி தாராளம். இல்லையென்றால் மட் அங்கேயே ஓடட்டும், தமிழ் சரியாகத் தெரியும் வேறொரு மெஷினிலிருந்து எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியே இன்னொரு மெஷினுக்குள் நுழையும் முறை) வழியாக நுழைந்து படியுங்கள்.

ஈயப்பற்று:
அப்படியே டபிள்யூ3எம் என்ற எழுத்து பிரவுசரும் போட்டு, எந்த வகை மெயிலை எந்த நிரல் திறக்கும் என்று சொல்லும் மெயில்கேப் கோப்பில் எச்டிஎம்எல்லுக்கு அதைக் காட்டிவிடுங்கள். பேங்க் மெயில் எல்லாம் எச்டிஎம்எல்லில்தான் வரும்.