மறு: இம்ப்ளிமென்டேஷன் பிளானுக்கு என்ன தமிழ்? – ‘செய்வகை’ன்னு வைக்கலாம்

எல்லாருக்கும் வணக்கம்.

இந்த இழையை இன்னைக்குத்தான் உக்காந்து முழுசாப் படிச்சேன், நெறைய நல்ல சொல் வந்திருக்கு, ஆனா நாம தேடுறது எதுக்கான சொல்லுங்கிறது நடுவுல கொஞ்சம் நழுவிப் போச்சோன்னு படுது, அதனால மறுபடி ஒருக்கச் சொல்லிர்றேன். ஒரு வேலைக்கு நிதி கேட்டு எழுதினோம், குடுக்கிறவுக சரின்னுட்டாக, கடிதமும் கைக்கு வந்திருச்சு, வேலை இன்னும் ஆரம்பிக்கல. அந்த இடைவெளியில உக்காந்து, இதை எப்படி அமைக்கப் போறோம், யார் எதைச் செய்றது, எந்த மாசம் எது, பணம் எந்தெந்த வகைக்குப் போகும், எது தடங்கலா வரும்னு ஒரு ஏடு எழுதுறோம்ல, அதுக்குத்தான் பேரு வேணும். ஒருத்தர் இதை இம்ப்ளிமென்டேஷன் பிளான்ங்கிறாக, இன்னொருத்தர் இன்செப்ஷன் ரிப்போர்ட்ங்கிறாக, சில இடத்துல புராஜெக்ட் டிசைன் டாக்குமென்ட். மூணும் நூத்துக்கு நூறு ஒண்ணு இல்லைதான், ஆனா ஊர்க்காரங்க கேக்குற கேள்விக்கு மூணும் ஒரே பதில்தான்.

எனக்கு இது ஏன் அவசரம்னா, காரைக்குடிப் பக்கம் ஒரு ஊர்ல ஊரணி சீர்பண்ற வேலைக்கு நிதி வந்திருக்கு, மே 1 கிராம சபையில அந்த ஏட்டை வாசிச்சுக் காட்டணும். இங்கிலீஷ்ல எழுதி அலமாரியில வச்சுக்கிட்டு ஊருக்கு வாய்மொழியா ரெண்டு வரி சொல்றதுல எனக்குச் சம்மதமே இல்ல. அந்த ஏடுதான் ஊருக்கும் நமக்கும் நடுவுல இருக்கிற ஒப்பந்தம், அதோட பேரே புரியலைன்னா உள்ள இருக்கிறதை யாரு கேப்பாக?

> ‘திட்டச் செயலாக்கத் திட்டம்’னு போட்டா என்ன தப்பு? அரசாங்கக் காகிதத்துல பாத்துப் பழகின சொல்லுதானே.

தேவகோட்டை அண்ணே, பழக்கம்ங்கிறது சரி, ஆனா ‘திட்டம்’ங்கிற ஒத்தைச் சொல்லு மேல நாம ஏத்தியிருக்கிற சுமையைப் பாருங்க. புராஜெக்டும் திட்டம், பிளானும் திட்டம், ஸ்கீமும் திட்டம். ஐந்தாண்டுத் திட்டம், நூறு நாள் வேலைத் திட்டம், மாவட்டத்துல திட்ட இயக்குநர், அவுககிட்ட விரிவான திட்ட அறிக்கை. இதுல போயி ‘திட்டத்துக்கான திட்டத்தைத் திட்டமிடணும்’னு எழுதினா வாசிக்கிறவுக எந்தத் திட்டத்தைப் பிடிக்கிறது? இலங்கையில இதை எப்பவோ பிரிச்சுட்டாக, புராஜெக்டுக்குச் செயற்றிட்டம்னும் கருத்திட்டம்னும் சொல்லி, கருத்திட்டப் பணிப்பாளர்னு பதவிப் பேரு வரைக்கும் கொண்டு போயிட்டாக. நம்ம பக்கம் அது ஊனல.

இவ்வளவுக்கும் திட்டம் நல்ல சொல்லு. வீட்டுல ‘உப்பு திட்டமா இருக்கு’ன்னா கூடவும் இல்ல குறையவும் இல்லன்னு அர்த்தம், ‘திட்டமாச் சொல்லிட்டாரு’ன்னா மாத்தமாட்டாருன்னு அர்த்தம். கோயில் கணக்குலயும் இந்தப் பூசைக்கு இத்தனை படி அரிசி, இவ்வளவு எண்ணெய்னு நிர்ணயம் பண்ணி வச்ச அளவுக்குத் திட்டம்னுதான் பேரு. அதாவது முடிவு கட்டி அளந்து வச்சது. நிதி குடுக்கிறவுககிட்ட நாம ஒப்புக்கிட்டு வந்தோமே, இத்தனை ரூபாய்க்கு இந்த வேலைன்னு, அதுக்குத் திட்டம்ங்கிற பேரு கச்சிதமாப் பொருந்துது. அதை அங்கயே விட்டுருவோம். எப்படிச் செய்றதுங்கிறதுக்கு வேற சொல்லு வேணும், இதுதான் என் கட்சி.

> ‘செய்முறை ஏடு’ – எளிமையா இருக்கே

எளிமைதான், ஆனா சிவகங்கைச் சீமையில செய்முறைன்னா என்ன? காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் தாய்மாமன் வீட்டுல இருந்து வர்ற சீரு. ‘ஊரணிக்குச் செய்முறை’ன்னு கிராம சபையில வாசிச்சா யாரு யாருக்குச் செய்யணும்னுதான் மொதக் கேள்வி வரும். பள்ளிக்கூடத்துல செய்முறைத் தேர்வு, சமையல் குறிப்புலயும் செய்முறை. ஏற்கெனவே மூணு எடத்துல குடியிருக்கிற சொல்லு அது.

> ‘தொடக்க அறிக்கை’ என்று நாங்கள் பயன்படுத்தி வருகிறோம்

பேராசிரியர் ஐயா, எதோட தொடக்கம்னு ஒரு கேள்வி வருது. நம்ம காரைக்குடி சிக்ரியையே, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தையே எடுத்துக்குவோம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் குடுத்தாக, 1948 ஜூலை 25ல நேரு அடிக்கல் நாட்டுனாரு, திறப்பு விழா நடந்தது 1953 ஜனவரி 14ல. பணம் ஒத்துக்கிட்டது ஒரு தொடக்கம், கல்லு நட்டது ஒரு தொடக்கம், திறந்தது ஒரு தொடக்கம். ஆராய்ச்சிக்கூடம்னா என்னென்ன பிரிவு, என்ன கருவி, யாரை வேலைக்கு எடுக்கிறதுன்னு யாராச்சும் உக்காந்து எழுதித்தானே இருக்கணும், அது இந்த மூணுல எந்தத் தொடக்கத்துலயும் சேராது. அதோட அறிக்கைன்னா முடிஞ்சதைச் சொல்றது. நாம எழுதுறது இனிமே நடக்கப் போறதை.

> நெடுநல்வாடையில் ‘நூலறி புலவர் நுண்ணிதின் கயிறிட்டு’ என்று வருகிறதே, ‘கயிறிடல்’ என்று வைக்கலாமே

இதைப் படிச்சதும் மனசு நின்னுபோச்சு. அரண்மனை கட்டுறதுக்கு முன்னாடி திசை பாத்து, கயிறு போட்டு அளந்து மனை வகுக்கிறாக, நாம பேசுறதும் அதே நேரம்தான், பொருள் சேந்தாச்சு, கல்லு இன்னும் வைக்கல. கானாடுகாத்தான்ல இருக்கிற செட்டிநாட்டு வீட்டுல முகப்புல நின்னு பாத்தா பின்கட்டு வாசல் வரைக்கும் பார்வை ஒரே நேரா ஓடுதுன்னா அன்னைக்குப் போட்ட கயிறுதான் காரணம். ஆனா ரெண்டு தடை இருக்கு. பேச்சு வழக்குல ‘கயிறு திரிக்கிறான்’னா இல்லாததைச் சொல்றான்னு ஆயிப்போச்சு, பணம் சம்பந்தப்பட்ட ஏட்டுக்கு அந்த நிழல் கூட விழக்கூடாது. இன்னொண்ணு, கயிறிடல்னா எடத்தை மட்டுந்தான் குறிக்குது, காலமும் ஆளும் பணமும் அதுல வரல. கட்டடக்கலைக்கு அந்தச் சொல்லை எடுத்து வச்சுக்குவோம், அங்க அது ராசா மாதிரி உக்காரும்.

இப்ப நான் சொல்றது: செய்வகை.

இது என் மூளையில உதிச்சது இல்ல. ஊரணிக்கரையில மொதக் கூட்டம் போட்டப்ப நாங்க படம் எல்லாம் காட்டி, தூர்வாருவோம், படித்துறையைச் செம்புறாங்கல் வச்சுச் சரிபண்ணுவோம், ஊரணிக்குத் தண்ணி கொண்டு வர்ற வரத்துக்காலை எடுத்து விடுவோம்னு சொல்லிக்கிட்டே போனோம், முன்னால உக்காந்திருந்த ஒரு ஆச்சி எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு, “எல்லாஞ் சரித்தான்ப்பா, செய்ற வகை என்னன்னு சொல்லுங்க”ன்னாக. கூட்டத்துல யாருக்கும் அதுக்கு விளக்கம் தேவைப்படல. எல்லாரும் எங்க மொகத்தைத்தான் பாத்தாக.

வகைங்கிறதை நாம டைப்புங்கிற அர்த்தத்துல மட்டும் எழுதிப் பழகிட்டோம், ஆனா பேச்சுல அது வழி, உபாயம். ‘அதுக்கு ஒரு வகை பண்ணுங்க’, ‘வகை தெரியாம எறங்கிட்டான்’, ‘வகைதொகை இல்லாமச் செலவு’. இதுல மூணாவது ரொம்ப முக்கியம், ஏன்னா கணக்குலயும் வகை உண்டு, ‘இது எந்த வகையில பற்று எழுதினது’ன்னு கேப்பாகள்ல, நம்ம பக்கத்துப் பேரேடுகளைப் புரட்டினவங்களுக்குத் தெரியும். வேலைக்கு வழியும் அதுதான், செலவுக்குத் தலைப்பும் அதுதான். நிதி வாங்கிச் செய்ற வேலையில இந்த ரெண்டையும் பிரிக்க முடியாது, ஒரே சொல்லு ரெண்டையும் தாங்குதுன்னா அதை விடக்கூடாது.

பழைய வேரும் இருக்கு. குறள்ல 68வது அதிகாரத்துக்குப் பேரே வினைசெயல்வகை, அதுல 675: ‘பொருள்கருவி காலம் வினையிடனொடு ஐந்தும் இருள்தீர எண்ணிச் செயல்.’ மேற்கோள் காட்டிப் பெருமைப்படுறதுக்காக இதை எழுதல, இந்த அஞ்சையும் ஊரணியில வச்சுப் பாத்தேன், ஒவ்வொண்ணும் ஒரு உண்மையான கேள்வியா எந்திரிச்சு நிக்குது.

பொருள்: பணம் ஒரே தடவையா வராது, தவணையா வரும், ரெண்டாந் தவணை மொதத் தவணையோட கணக்கைக் குடுத்தாத்தான் வரும், அப்ப கல்லு வேலைக்கு முன்பணம் எதுல இருந்து? கருவி: ஜேசிபி எறங்க கரையில வழி இருக்கா, இல்ல படித்துறையை ஒடச்சுத்தான் எறங்கணுமா, எந்த ஆழத்தோட வெட்டுறதை நிறுத்தணும்? இதை ஓட்டுறவர் கையில விட்டுட்டா அடியில இருக்கிற களிமண்ணையும் சேத்து அள்ளிருவாரு, அப்புறம் ஊரணியில தண்ணி நிக்காது, எல்லாம் கீழ எறங்கிரும். தூர்வாரி ஊரணியைக் கெடுத்த கதை இப்படித்தான் நடக்குது, கெட்ட எண்ணம் யாருக்கும் இல்ல, ஆழம் எவ்வளவுன்னு எந்தக் காகிதத்துலயும் எழுதல, அவ்வளவுதான்.

காலம்: வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல எறங்கிரும், அதுக்கு முன்னாடி வரத்துக்கால் திறந்திருக்கணும், வெட்டுற வேலை சித்திரை வைகாசியில தண்ணி வத்துன நேரத்துலதான் முடியும். நிதி ஆண்டுப்படி பணம் ஐப்பசியில வந்துச்சுன்னா அந்த வருசம் வேலை இல்லன்னு மொதல்லயே எழுதிறணும், இல்லைன்னா மழையில சேறு அள்ளிக் கணக்குக் காட்டுற நெலம வரும். வினை: என்ன வேலைங்கிறது திட்டத்துலயே இருக்கு, ஆனா எது மொதல்ல? என் கருத்துல வரத்துக்கால்தான், சீமைக்கருவேலம் அடைச்சுக்கிட்டு நிக்கிற காலை விட்டுட்டு ஊரணியை மட்டும் அழகு பண்ணி என்ன பிரயோசனம், மழைத்தண்ணி உள்ள வரணும்ல. ஒரு காலத்துல இங்க பெரிய வீடுகளோட ஓட்டுத்தண்ணி கூட வீணாகாம ஊரணிக்குப் போற மாதிரி வச்சிருந்தாக.

இடம் கடைசியா வருது, ஆனா பாதி வேலை நிக்கிறது அங்கதான். ஊரணி ஊராட்சியோடது, வரத்துக்கால் போற வழியில பட்டா நிலம் இருக்கும், கால் தொடங்குற எடம் கண்மாயா இருந்தா அது யாரு பொறுப்புன்னு பாக்கணும், 100 ஏக்கருக்கு மேல ஆயக்கட்டு, அதாவது அதுல பாயுற நிலம், இருந்தா நீர்வளத்துறை, அதுக்குக் கீழன்னா ஊராட்சி ஒன்றியம். அள்ளுற வண்டல் மண்ணை எங்க கொட்டுறது, யாரு அள்ளிக்கிட்டுப் போகலாம், அனுமதி யாருகிட்ட? விஏஓகிட்ட வரைபடம் வாங்கி நேர்ல நடந்து பாக்காம இதுல ஒரு வரி கூட எழுத முடியாது. ‘இருள்தீர’ங்கிற சொல்லை இப்பப் பாருங்க, சும்மா எண்ணினாப் பத்தாது, சந்தேகம் ஒண்ணு கூட மிச்சமில்லாம எண்ணணும்.

இதைச் சொன்னா, நிதி குடுக்கிறவுக கேக்குற லாக்ஃபிரேம்ங்கிற கட்ட அட்டவணையை நிரப்பினாப் போதுமேன்னு நம்ம குழுமத்துலயே ஒருத்தர் எழுதியிருக்காக. அது 1969ல அமெரிக்காவோட யூஎஸ்எய்டுக்காக உருவானது, குறிக்கோள், நோக்கம், விளைபொருள், செயல்னு நாலு வரிசை, எதிர்ல அளவுகோல், சான்று, அனுமானம். நல்ல கருவி, நானும் நிரப்புறேன், ஆனா அது செய்வகைக்குள்ள ஒரு பக்கம், அதுவே செய்வகை ஆகாது. ஜேசிபி எந்த வழியா எறங்கும்னு அந்தக் கட்டத்துல எழுத எடம் கிடையாது. அவுட்புட், அவுட்கம் ரெண்டுக்கும் தமிழ் வேணும்னு கேட்டிருந்தீக, அடுத்த குறளே பிரிச்சுக் குடுக்குது, முடிவு, இடையூறு, படுபயன்னு. ஊரணியை வெட்டி முடிச்சது முடிவு, வைகாசியிலயும் அதுல தண்ணி கெடக்கிறது பயன். அதுக்குத் தனி இழை போட்டுப் பேசுவோம்.

> வினைசெயல்வகை இருக்கும்போது ‘செயல்வகை’ என்றே வைக்கலாமே, செய்வகை ஏன்? மேலும் ‘செய்வினை’ என்று காதில் விழாதா?

செயல்வகைன்னா இன்னைக்கு வாசிக்கிறவுக காதுல ‘செயல்களின் வகை’ன்னு, டைப்ஸ் ஆஃப் ஆக்டிவிட்டின்னு விழுது. செய்வகை வினைத்தொகை, செய்த, செய்ற, செய்யும் வகைன்னு மூணு காலமும் உள்ள அடங்கும். வேலை நடுவுல ஏட்டைத் திருத்த வேண்டி வந்தாலும் பேரு பொய்யாகாது. செய்வினை பத்தி நானும் யோசிச்சேன். தனியா வேகமாச் சொன்னா மொதப் பாதி ஒண்ணுதான், ஆனா வினை வேற, வகை வேற, சொல்லு முடியிறப்ப தெளிஞ்சிருது, எழுத்துல குழப்பமே இல்ல. ‘ஊரணிச் செய்வகை’ன்னு முன்னால வேலையோட பேரைச் சேத்துச் சொல்லுங்க, அந்தச் சந்தேகமும் போயிரும்.

கூட்டுச்சொல்லும் சுலபமா வருது. ஏட்டுக்குச் செய்வகை ஏடு, நிதி வந்ததுக்கும் வேலை ஆரம்பிக்கிறதுக்கும் நடுவுல இருக்கிற ரெண்டு மூணு மாசத்துக்குச் செய்வகைக் காலம், அதை எழுத உக்கார்றவுக செய்வகைக் குழு, நடுவுல மாத்தினா செய்வகைத் திருத்தம். வாக்கியத்துல வச்சுப் பாருங்க: ‘திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது, செய்வகை இன்னும் முடிவாகவில்லை.’ ‘மண் கொட்டும் இடம் மாறியதால் செய்வகைத் திருத்தம் ஊராட்சியில் வைக்கப்பட்டது.’ எனக்கு எங்கயும் இடறல.

யாழ்ப்பாணத்து நண்பர்கள் ‘செயற்றிட்டச் செய்வகை’ன்னு சொல்லிப் பாத்துட்டு அங்க காதுக்கு எப்படி இருக்குன்னு எழுதுங்க, ‘செய்வகைக் காலம்’ எனக்கே கொஞ்சம் நீளமாத் தோணுது, அதுக்குச் சின்னதா யாராச்சும் சொன்னா எடுத்துக்கிறேன். மே 1க்கு வாசிக்கிற ஏட்டுல ‘ஊரணிச் செய்வகை’ன்னு தலைப்புப் போட்டு, ஆழம் எத்தனை அடின்னு மொதப் பக்கத்துலயே எழுதப் போறோம், மறுப்பு இருந்தா அச்சுக்குக் குடுக்கிறதுக்கு முன்னாடி சொல்லிருங்க.