தினசரி எலும்பு வளர்ச்சி ஊசி: மூன்றாம் வாரத்திலேயே நிறுத்திவிடலாமா?

நீலாம்பல்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 66. சென்ற ஆண்டு ஒரு கனமான பெட்டியைக் குனிந்து தூக்கியபோது முதுகில் சுரீரென்று ஒரு வலி எடுத்தது. தசைப்பிடிப்பு என்றே எண்ணி ஆறு வாரங்கள் வலி மருந்துகளோடு காலத்தை ஓட்டினேன். பிறகு எக்ஸ்ரே எடுத்ததில் முதுகில் இரண்டு முள்ளெலும்புகள் நசுங்கியிருப்பது தெரிந்தது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில், இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் டி-ஸ்கோர் கீழ்முதுகில் மைனஸ் 3.4 என்று வந்தது. மைனஸ் 2.5-க்குக் கீழே போனாலே எலும்புப்புரை என்பதால், எலும்பு கரைவதைத் தடுக்கும் மாத்திரையை வாரம் ஒன்றாகத் தொடங்குவது போதாது என்று சொல்லி, நாளுக்கு 20 மைக்ரோகிராம் டெரிபாரடைடு ஊசியை மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

இப்போது மூன்றாம் வாரம் நடக்கிறது. ஊசி போட்ட கால்மணி நேரத்தில் தலை கனமற்றுப் போவதுபோல் ஆகி, நெஞ்சு படபடக்கிறது. இரவில் கெண்டைக்கால் சதை முறுக்கிக்கொள்கிறது. இந்த மருந்தால் எலிகளுக்கு எலும்புப் புற்றுநோய் வந்ததாக உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து பேனா ஊசியைக் கையில் எடுக்கவே தயக்கமாக இருக்கிறது. இதைப் போட்டுக்கொண்டவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். தலைச்சுற்றல் தானாக அடங்குமா, அல்லது நிறுத்திவிட்டு மாத்திரைக்கே போய்விடலாமா?

கைத்தடி:

வணக்கம் அம்மா. எனக்கு 71 வயது. இதே ஊசியை 24 மாதங்கள் முழுமையாகப் போட்டு முடித்தவன். முதல் பத்து நாட்கள் எனக்கும் தலை சுற்றியது. காலையில் போட்டுக்கொண்டு உடனே எழுந்து நடமாடியதுதான் காரணம் என்பது பின்னால் புரிந்தது. இந்த மருந்து தொடக்க நாட்களில் சிலருக்கு எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தத்தைச் சற்றே இறக்கும். நான் இரத்த அழுத்த மாத்திரையும் சாப்பிடுபவன் என்பதால் இரண்டும் சேர்ந்துகொண்டன. படுக்கையிலேயே உட்கார்ந்து போட்டுக்கொண்டு அப்படியே படுத்துவிடும்படி மருத்துவர் நேரத்தை இரவுக்கு மாற்றிக் கொடுத்தார். இரண்டு வாரங்களில் அந்தத் தொல்லை மறைந்தது. கால் பிடிப்பு மட்டும் ஐந்தாறு மாதங்கள் அவ்வப்போது வந்து போயிற்று.

யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத சில நடைமுறைச் செய்திகளையும் எழுதுகிறேன். பேனாவில் மருந்து மீதமிருந்தாலும் 28 நாட்களுக்குப் பிறகு அதைத் தூக்கிப்போட்டுவிட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறைய விடக்கூடாது. வீட்டில் ஒருவர் இடம் போதவில்லை என்று என் பேனாவை உறைநிலை அறைக்கு மாற்றிவைத்ததால் புத்தம்புதிய பேனா ஒன்று குப்பைக்குப் போனது. ஒரு நாள் மறந்துவிட்டால் அன்றைக்கே நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம், ஆனால் மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது. ஒவ்வொரு முறையும் புது ஊசிமுனை மாட்டி, தொடை, அடிவயிறு என்று இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்.

இரத்தப் பரிசோதனையில் நான் ஒருமுறை வீணாகப் பயந்தேன். காலையில் ஊசி போட்டு நண்பகலில் இரத்தம் கொடுத்ததால் கால்சியம் அளவு எல்லையைத் தாண்டிக் காட்டியது. ஊசி போட்ட நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் கால்சியம் உச்சத்துக்குப் போவது இயல்பு என்றும், கடைசி ஊசியிலிருந்து குறைந்தது 16 மணி நேரம் கழித்தே இரத்தம் எடுக்க வேண்டும் என்றும் பிறகுதான் சொன்னார்கள். மறுபரிசோதனையில் அளவு சரியாகவே இருந்தது.

பலனைப் பற்றி மிகைப்படுத்தாமல் சொல்கிறேன். முதுகுவலி நான்காவது மாதத்தில் குறைந்தது. அது மருந்தால் குறைந்ததா, முறிவு தானாக ஆறியதால் குறைந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. முடிவில் எடுத்த ஸ்கேனில் முதுகெலும்பின் அடர்த்தி 10 விழுக்காட்டுக்கு அருகில் ஏறியிருந்தது. இடுப்பில் 2 விழுக்காடுகூட முழுதாக ஏறவில்லை. எனக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்தது. பஞ்சுபோல் உள்ளே துளைகள் கொண்ட முதுகெலும்பு இந்த மருந்துக்கு விரைவாகப் பதில் தரும், கெட்டியான புறவோடு மிகுந்த இடுப்பெலும்பு மெதுவாகத்தான் தரும் என்று விளக்கினார்கள். இரண்டு ஆண்டுகளில் புதிய முறிவு எதுவும் வரவில்லை என்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது.

இரவுப்பணி:

நான் எலும்பு நோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். மருத்துவரின் இடத்தில் நின்று பேசவில்லை, தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

டெரிபாரடைடு என்பது இரத்தத்தின் கால்சியம் அளவைச் சீராக வைக்க நம் உடலிலேயே சுரக்கும் பாராதைராய்டு ஹார்மோனின் முதல் 34 அமினோ அமிலங்கள் அடங்கிய துண்டு. இதில் ஒரு விந்தை உண்டு. அந்த ஹார்மோன் இரத்தத்தில் இடைவிடாமல் மிகுந்திருந்தால் எலும்பு கரையும், நாளுக்கு ஒருமுறை சிறிது நேரம் ஏறி இறங்கினால் எலும்பு வளரும். ஆகவேதான் தினமும் ஒரு சிறிய ஊசி. மாத்திரைகள் கரைவதைத் தடுக்கின்றன, இது புதிதாகக் கட்டுகிறது. 2001-இல் வெளியான பெரிய ஆய்வில், ஏற்கெனவே முதுகெலும்பு முறிவு ஏற்பட்டிருந்த, மாதவிடாய் நின்ற 1,637 பெண்கள் பங்கேற்றனர். 20 மைக்ரோகிராம் பெற்றவர்களுக்குப் புதிய முதுகெலும்பு முறிவுக்கான வாய்ப்பு 65 விழுக்காடு குறைந்தது. உங்களைப் போன்றவர்களுக்கு இதை முதலில் எழுதுவதன் காரணம் அதுதான்.

எலிகளைப் பற்றிய செய்தி பொய்யன்று. ஏறத்தாழ வாழ்நாள் முழுவதும் அதிக அளவில் கொடுக்கப்பட்ட எலிகளுக்கு எலும்புப் புற்று வந்தது. அதனால் 2002-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தபோதே கட்டமிட்ட கடும் எச்சரிக்கையும் உடன் வந்தது. பல ஆண்டுகள் நோயாளிகளைக் கண்காணித்தும் மனிதர்களிடம் அப்படி அதிகரித்ததாகத் தெரியவராததால் 2020-இல் அந்தக் கட்ட எச்சரிக்கையை அங்கே நீக்கிவிட்டார்கள். இருந்தாலும் சிலருக்கு இந்த மருந்தைத் தவிர்க்கவே சொல்கிறார்கள்: எலும்பு தாறுமாறாகக் கரைந்து வளரும் பேஜட் எலும்பு நோய் உள்ளவர்கள், எலும்பில் புற்று பரவியவர்கள், எலும்பின்மீது படும்படி கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள், காரணம் தெரியாமல் இரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி உயர்ந்திருப்பவர்கள். இவற்றில் எதுவும் உங்களுக்கு இல்லையென்றால் எலிக் கதைக்காக நிறுத்த வேண்டியதில்லை என்பது என் கருத்து. படபடப்பு நீடித்தாலோ மயக்கம் வந்தாலோ மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

தும்பை:

தொடங்குவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம், முடிப்பதைப் பற்றி நான் சொல்கிறேன். பதினெட்டு மாதங்கள் ஒரு நாள் தவறாமல் போட்டேன், எலும்பு நன்றாக ஏறியிருந்தது. முடிந்ததும் அடுத்த மருந்தை எழுத வேண்டியது சிறப்பு மருத்துவரா, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரா என்பதில் குழப்பம் ஏற்பட்டது. ஒருவர் மற்றவர் எழுதுவார் என்று இருந்துவிட்டார். நானோ வெறும் கால்சியமும் வைட்டமின் டி-யும் போதுமென்று நிம்மதியாக இருந்துவிட்டேன். பதினான்கு மாதங்கள் கழித்து ஸ்கேன் எடுத்தபோது ஏறியதில் பெரும்பகுதி இறங்கியிருந்தது. இந்த ஊசி கட்டிய எலும்பைக் காப்பாற்ற, முடிந்த கையோடு கரைவதைத் தடுக்கும் மருந்தைத் தொடங்கியாக வேண்டுமாம். வெறுமனே ஊசி குத்திக்கொண்டதுதான் மிச்சம் என்று அன்றைக்குத் தோன்றிய கசப்பு இன்னும் போகவில்லை. கடைசிப் பேனா தீர்வதற்கு மூன்று மாதங்கள் முன்னதாகவே அடுத்த மருந்து என்ன, அதை எழுதுபவர் யார் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வெண்கலமணி:

தினமும் குத்திக்கொள்ள இயலாததால் எனக்கு ரோமோசோசுமாப் என்ற, எலும்பை வளர்க்கும் வேறொரு ஊசியைக் கொடுத்தார்கள். மாதம் ஒருமுறை, ஒரே வேளையில் இரண்டு ஊசிகள், மொத்தம் 12 மாதங்கள். மருத்துவமனையில் போட்டுவிடுவார்கள், குத்திய இடத்தில் சிறிது சிவந்ததைத் தவிர வேறு துன்பமில்லை. ஆனால் கடந்த ஓராண்டுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு இது ஆகாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாபை இதனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது கரைவைத் தடுக்கும் ஊசி.

நீலாம்பல்:

ஒவ்வொருவருக்கும் நன்றி. கைத்தடி ஐயா சொன்னபடி இரவுக்கு மாற்றலாமா என்று கேட்க இருந்தேன். ஆனால் இரவுப்பணி எழுதியதைப் படித்ததும் வேறொன்று உறுத்துகிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்காக ஐந்து வாரங்கள் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டேன். முழுதாகக் குணமானதால் அதை மறந்தே போயிருந்தேன். ஊசி எழுதும்போது அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மார்புக்குக் கொடுத்ததும் கணக்கில் வருமா?

இரவுப்பணி:

வரும். விலா எலும்புகளும் நெஞ்செலும்பும் அந்தப் பாதையில்தான் இருக்கின்றன. பதற வேண்டாம், மூன்று வார ஊசியால் ஏதோ நேர்ந்துவிட்டது என்று பொருளில்லை. ஆனால் இன்றைய ஊசியைப் போடுவதற்கு முன்பே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். புற்றுநோய் வரலாற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஓரிரு நாள் தள்ளிப்போவதால் எலும்புக்கு ஒரு குறையும் வராது.

நீலாம்பல்:

பேசிவிட்டேன். ஊசியை இப்போதைக்கு நிறுத்திவைக்கச் சொல்லி, பழைய கதிர்வீச்சுச் சிகிச்சையின் பதிவுகளைக் கொண்டுவரும்படி கேட்டிருக்கிறார்கள். என் புற்றுநோய் மருத்துவரையும் கலந்து பேசிய பிறகு, வெண்கலமணி சொன்ன மாதாந்திர ஊசியா, எலும்பு கரைவதைத் தடுக்க ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலமா என்று அடுத்த வாரம் முடிவு செய்வார்களாம். இதயம் தொடர்பாக எனக்கு இதுவரை எந்தத் தொல்லையும் வந்ததில்லை என்பதை இந்த முறை அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.