அப்பாவோட பழைய கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போடலாமா? டி டிரைவ் போட்டோ போயிடுமோன்னு பயமா இருக்கு

பழையபொட்டி:
வணக்கம் மக்களே. வீட்ல அப்பா யூஸ் பண்ற டெஸ்க்டாப் ஒண்ணு இருக்கு, 2012ல வாங்கினது, மூணாம் தலைமுறை ஐ3, ரேம் 4 ஜிபி, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஓடுறது விண்டோஸ் 10. போன 2025 அக்டோபர் 14ஓட அதுக்கு சப்போர்ட் முடிஞ்சுது, 11க்கு மாறலாம்னு பாத்தா ப்ராசஸர் பழசு, டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப்பும் இல்லன்னு கதவை சாத்திடுச்சு. ஆன் பண்ணிட்டு குளிச்சிட்டு வந்தாலும் இன்னும் சுத்திட்டுதான் இருக்கும், டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் 100 சதவீதத்துலயே நிக்குது. அவருக்கு வேண்டியது பிரவுசர், வீடியோ, தமிழ்ல டைப் பண்ணி பிரின்ட் எடுக்கறது, அவ்ளோதான். தமிழ்99 தவிர வேற கீபோர்டு குடுத்தா மெஷினையே தூக்கி வெளில வெச்சிடுவார். டி டிரைவ் பூரா குடும்ப போட்டோ. விண்டோஸுக்கு பதிலா போடற இலவச சிஸ்டம்தான் லினக்ஸ்னு தெரியும், நான் தொட்டதே இல்ல. எதைப் போடறது, போட்டோ போகாம எப்படிப் போடறது?

சும்மாஒருத்தன்:
லினக்ஸ்ல மின்ட் 22னு ஒரு வகை இருக்கு, அதுல எக்ஸ்எஃப்சிஇ எடிஷன் (பழைய மெஷினுக்கு ஏத்த லேசான டெஸ்க்டாப்) எடுங்க. குறைஞ்சது 2 ஜிபி ரேம்னு போட்டிருப்பாங்க, 4 இருந்தா நல்லதும்பாங்க, உங்களுக்கு சரியா பொருந்தும். 2029 வரைக்கும் அப்டேட் வரும். அதோட இன்ஸ்டால் ஃபைலை (ஐஎஸ்ஓ) ரூஃபஸ்ங்கற சாஃப்ட்வேர் வெச்சு பென் டிரைவ்ல எழுதி (பென் டிரைவ்ல இருக்கறது எல்லாம் அழியும், முன்னாடியே எடுத்து வெச்சுக்கோங்க) அதுலேந்தே பூட் பண்ணுங்க, இன்ஸ்டால் பண்ணாமலே டெஸ்க்டாப் வரும். அப்படியே வைஃபை கிடைக்குதா, சவுண்ட் வருதா, பிரின்டர்ல ஒரு பக்கம் வருதான்னு பாத்துடுங்க. பிரின்டரை மட்டும் பாக்காம விடாதீங்க, சில மாடலுக்கு கம்பெனி டிரைவர் தனியா தேடணும், சிலதுக்கு அதுவும் கிடையாது. பென் டிரைவ்லேந்து ஓடும்போது கொஞ்சம் மந்தமாதான் இருக்கும், அதை வெச்சு முடிவு பண்ணிடாதீங்க.

டெர்மினல்தம்பி:
மேல சொன்னது எல்லாம் சரி ஆனா இன்ஸ்டால் பண்ற இடத்துலதான் நான் மாட்டினேன். சி, டின்னு விண்டோஸ் காட்டுதே, அது பெரும்பாலும் ஒரே டிஸ்க்கை ரெண்டா பிரிச்சது. நான் என்ன நெனச்சேன்னா சி மட்டும்தான் போகும், டி அப்படியே இருக்கும்னு, "டிஸ்க்கை அழித்து நிறுவு"ங்கற முதல் ஆப்ஷனையே டிக் பண்ணி நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு போய்ட்டேன், முடிஞ்சு வந்து பாத்தா டியும் இல்ல ஒண்ணும் இல்ல. ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு ரெண்டு நாள் உக்காந்து பாதி போட்டோ எடுத்தேன், அதுவும் பேரெல்லாம் வெறும் நம்பரா வந்துச்சு, எது கல்யாணம் எது காதுகுத்துன்னு இன்னும் பிரிச்சு முடிக்கல.

அதனால எங்கிட்ட யார் கேட்டாலும் ஒண்ணுதான் சொல்றேன். ஒரு சின்ன சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க் வேலையையே ரொம்ப வேகமா செய்யறது) வாங்குங்க. கரன்ட்டை புடுங்கிட்டு கேபினட்டை தொறந்து பழைய டிஸ்க்கோட கேபிளை கழட்டிடுங்க, எஸ்எஸ்டியை மட்டும் மாட்டி அதுல மின்ட் போடுங்க. இப்ப நீங்க எந்த பட்டனை தப்பா அமுக்கினாலும் போட்டோவுக்கு ஒண்ணும் ஆகாது, அதுதான் மதர்போர்டுலயே இல்லையே. எல்லாம் முடிஞ்சப்புறம் பழைய டிஸ்க்கை ரெண்டாவதா மாட்டுங்க, பயாஸ்ல (மதர்போர்டு செட்டிங்ஸ்) எஸ்எஸ்டியை முதல்ல பூட் ஆகற மாதிரி வைங்க. பிடிக்கலன்னா விண்டோஸும் அப்படியே இருக்கும். அந்த 100 டிஸ்க் பிரச்சினையும் இதுலயே தீரும், உண்மையைச் சொன்னா வேகம் கூடறதுல பாதிக்கு மேல எஸ்எஸ்டி புண்ணியம், லினக்ஸ் இல்ல.

விண்டோஸ்காரன்:
எதுக்கு இவ்ளோ தொல்லை, ரூஃபஸ்லயே டிபிஎம் செக்கை எடுத்துட்டு 11 போடலாமே ப்ரோ.

டெர்மினல்தம்பி:
போடலாம் ப்ரோ, போட்டும் பாத்திருக்கேன். ஆனா ஆதரவு இல்லாத மெஷினுக்கு அப்டேட் வரும்னு யாரும் கேரன்டி குடுக்கல, நாளைக்கு ஒரு பெரிய அப்டேட்ல நின்னு போச்சுன்னா அவர் அப்பா யாரைக் கேப்பார்? 4 ஜிபில 11 ஓடறதை உக்காந்து பாக்கவும் பொறுமை வேணும்.

எழுத்துக்காரி:
தமிழ்99க்கு கவலைப்படாதீங்க தம்பி. சாஃப்ட்வேர் மேனேஜர்ல ஐபஸ்-எம்17என்ங்கற டைப்பிங் சாஃப்ட்வேரை தேடி போடுங்க, இன்புட் மெத்தட்ல ஐபஸ்னு வெச்சுட்டு ஒரு தடவ லாக் அவுட் பண்ணி உள்ள வாங்க (இதை விட்டுட்டுதான் பாதிப் பேர் வேலை செய்யலன்னு புலம்புறாங்க), அப்புறம் ஐபஸ் செட்டிங்ஸ்ல தமிழ்99ஐ சேத்துடுங்க. அப்பாவோட பழைய ஃபைல் பாமினி மாதிரி பழைய தமிழ் ஃபான்ட்ல இருந்தா லிப்ரே ஆபிஸ்ல (இங்க வேர்டுக்கு பதிலா இருக்கறது) தொறந்ததும் இங்கிலீஷ் எழுத்தா கன்னாபின்னான்னு தெரியும், பயப்படாதீங்க, ஃபைல் கெடல. விண்டோஸ்ல இருந்த அந்த ஃபான்ட் ஃபைலை காப்பி பண்ணி இங்க இன்ஸ்டால் பண்ணா சரியாயிடும்.

பழையபொட்டி:
எல்லாருக்கும் நன்றி, ஞாயித்துக்கிழமை முடிச்சாச்சு. தம்பி சொன்ன மாதிரி கேபிளை கழட்டிட்டுதான் போட்டேன், நல்லவேளை, ஏன்னா நானும் அந்த முதல் ஆப்ஷனையேதான் அமுக்கினேன். அரை நிமிஷத்துல ஆன் ஆகுது. பிரவுசர்ல ஏழெட்டு டேப் தொறந்தா மட்டும் திணறுது. தமிழ்99 ஓகே. இப்ப ரெண்டு சிக்கல்: டி டிரைவ்ல போட்டோ எல்லாம் தெரியுது ஆனா புதுசா எதையும் சேவ் பண்ண விடல. ரெண்டாவது, விண்டோஸுக்கு ஒரு தடவ போய்ட்டு வந்தா கடிகாரம் தப்பா காட்டுது, அப்பா காலைலேந்து அதைத்தான் சொல்லிட்டிருக்கார்.

டெர்மினல்தம்பி:
முதல் சிக்கல் விண்டோஸோட ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். ஷட்டவுன் குடுத்தாலும் அது முழுசா அணையாம பாதி தூக்கத்துல டிஸ்க்கை புடிச்சு வெச்சிருக்கும், லினக்ஸும் எதுக்கு வம்புன்னு எழுதாம ஒதுங்கிடும். விண்டோஸ் உள்ள போய் பவர் ஆப்ஷன்ஸ்ல அதை ஆஃப் பண்ணிட்டு ஒரு தடவ ஷட்டவுன் பண்ணுங்க. கடிகாரம் வேற கதை. மதர்போர்டு கடிகாரத்துல விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதும், லினக்ஸ் அதை யுடிசின்னு (உலகப் பொது நேரம்) படிக்கும், அதான் தப்பு. அப்பா இனிமே விண்டோஸ் பக்கம் போகமாட்டார்னா நேரத்தை ஒரு தடவ சரி பண்ணிட்டு விட்டுடுங்க, போவார்னா சொல்லுங்க, லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாத்த ஒரு வரி கமாண்ட் இருக்கு, அனுப்புறேன்.

பழையபொட்டி:
கமாண்டையும் அனுப்பிடுங்க. விண்டோஸ்ல இருக்கற சீட்டாட்டத்துக்காகவே போவார்.